சுவைக்கு மூன்று மதிப்பெண்

சோலையப்பனுக்குத் தை பதினைந்தாம் தேதி கல்யாணம். பெண்ணுக்குக் காளையார்கோவில், பெயர் தாமரை. பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, மேளத்துக்கும் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை மட்டும் கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலைக்குள் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் ஸ்டோரில், நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான்.

அவன் ஊருக்குப் போகத் தேவைப்பட்டது ஒரே ஒரு கையெழுத்து. பர்சனல் மேனேஜர் விஜயபாஸ்கர் லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டால் கம்பெனி அவன் பாஸ்போர்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதைக் காட்டினால் கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபு முதலாளி, நாட்டை விட்டு வெளியேற எக்ஸிட் பர்மிட் கொடுப்பார். பர்மிட்டைக் காட்டினால் விமானம். மூன்றும் ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு நின்றன. எஞ்சின், விஜயபாஸ்கரின் பேனா.

நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம், ஐப்பசியிலேயே, நாற்பது நாள் லீவு கேட்டு எழுதிய தாளோடு அவர் அறைக்குள் போனான். விஜயபாஸ்கர் பேனா மூடியைக் கழற்றினார். தாளின்மேல் நுனியை வைக்கப் போனார். அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது.

"இல்லைங்க கௌரிசங்கர், அவரைப் போட முடியாது. அவர் நாகூர். நாகூர்க்காரன் கடைக்குத்தான் மார்க் போடுவார். கன்னியாகுமரிக்காரரா? அவர் தேங்காய் அரைக்காத குழம்பைக் குழம்புன்னே ஒத்துக்கமாட்டார். நடுநிலையா ஒரு ஆள் வேணும்."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சோலையப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ மீன் சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேன் சார். தேவகோட்டை சார் எங்களுக்கு. தொண்டி மீன் காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்துரும். ஆனா இப்ப சாப்பிடறதில்ல. கல்யாணம் நல்லபடியா முடியணும்னு அம்மா குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கிட்டாங்க. மறுவீடு முடியற வரைக்கும் கவிச்சி தொடக் கூடாது."

விஜயபாஸ்கரின் முகம் மலர்ந்தது. போனில், "கிடைச்சுட்டார்ங்க. மீன் தெரிஞ்சவர், மீன் சாப்பிடாதவர். இதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்?" என்றார். பிறகு பேனாவை மூடினார். லீவுத் தாளை எடுத்து, மேஜைமேல் இருந்த கண்ணாடி மீனுக்கு அடியில் வைத்தார். அது காகிதம் பறக்காமலிருக்க வைக்கிற கனமான மீன்.

"கமிட்டி வேலை முடியட்டும். அன்னைக்கே சைன் பண்ணிடறேன்."

"என்ன கமிட்டி சார்?"

அப்போதுதான் சோலையப்பனுக்கு விவரம் தெரிந்தது. விஜயபாஸ்கர் தலைவராக இருக்கும் பாலைத் தமிழர் பண்பாட்டுப் பேரவை, தோஹா நகரத்தின் தலைசிறந்த கடலுணவு உணவகத்தைத் தேர்ந்தெடுத்துக் கேடயம் கொடுக்கப் போகிறது. அடுத்த மாதம் நடக்கும் சர்வதேச விளையாட்டுப் போட்டிக்கு உலகமே தோஹாவுக்கு வரும்போது, நல்ல மீன் எங்கே கிடைக்கும் என்று தமிழர்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்பது பேரவையின் கவலை. அதற்குத் தேர்வுக் குழு. குழுவுக்கு ஒரு நடுநிலை உறுப்பினர்.

*

முதல் கூட்டம் விஜயபாஸ்கர் வீட்டு ஹாலில் நடந்தது. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பதினைந்தாவதாகச் சோலையப்பன், கழற்றிய செருப்பு தொலைந்துவிடக் கூடாதே என்று வாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

தலைவர் பேசினார்: "நாம சாப்பிடறதுக்காகக் கூடல. அதை முதல்ல தெளிவாச் சொல்லிடறேன். இது சேவை. சேவை செய்யும்போது வாய்க்குள்ள ஏதாவது போகும். அதைத் தவிர்க்க முடியாது. அதுக்காக யாரும் நம்மகிட்ட பில் கேட்டா அது சேவையை அவமானப்படுத்தற மாதிரி. அதனால உணவகங்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியாச்சு. நாம சாப்பிடறது சாப்பாடு இல்ல, மாதிரி. மாதிரிக்கு உலகத்துல எங்கேயும் பில் கிடையாது."

பலத்த கைதட்டல்.

அவர் மனைவி பானுமதி பேரவையின் மகளிர் அணிச் செயலாளர். எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார். "குழந்தைங்களும் மாதிரி எடுக்கலாமா?"

"எதிர்காலத் தலைமுறையோட கருத்து ரொம்ப முக்கியம்" என்றார் தலைவர். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு கௌரிசங்கர் படிவத்தை விநியோகித்தார். அவர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். குழாய் வெல்டிங்கை ஊதா விளக்கு பிடித்து ஆராய்கிறவர். சான்றிதழ் இல்லாத பொருள் உலகத்தில் இருப்பதாகவே அவர் ஒப்புக்கொள்வதில்லை. படிவம் பன்னிரண்டு பக்கம், மொத்தம் நூறு மதிப்பெண். உணவகத்தில் மீன் வாசனை வராமலிருந்தால் பதினைந்து. மீனில் முள் இல்லாமலிருந்தால் பதினைந்து. காத்திருக்கும் கூட்டம் இல்லாவிட்டால் பன்னிரண்டு. நாற்காலிகள் வரிசையாக இருந்தால் பத்து. ஈ, சத்தம், ஈரத்தரை, வாசல் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தின் அடியில், பக்க எண்ணுக்கு மேலே, 'சுவை: மூன்று' என்று இருந்தது.

சோலையப்பன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "சார், சுவைக்கு மூணுதானா?"

"சுவையை அளக்கக் கருவி இல்லையே தம்பி. அளக்க முடியாத விஷயத்துக்கு மூணே ஜாஸ்தி. ஆடிட்ல கேட்டா நான் பதில் சொல்லணும்."

"நான் சாப்பிட மாட்டேனே சார். அந்த மூணை எப்படிப் போடறது?"

"பக்கத்துல இருக்கறவங்களை விசாரிச்சுப் போடு. உன்னோட பலமே நீ சாப்பிடாததுதான்."

விதிகளும் இருந்தன. அவற்றில் பதினோராவது விதியைக் கௌரிசங்கர் நின்றுகொண்டு வாசித்தார். ஒரு மாதிரியை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கலாகாது. ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை மாதிரி எடுக்க வேண்டும். மூன்றாம் முறை போடும் மதிப்பெண்ணே இறுதியானது. அறிக்கை எழுத அதற்குப் பின் ஏழு நாள்.

உணவகங்கள் பதினொன்று. சோலையப்பன் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தான். முப்பத்து மூன்று சாப்பாடு. வெள்ளி மதியம் ஒன்று, வெள்ளி இரவு ஒன்று, சனி மதியம் ஒன்று என்று வைத்தாலும் மார்கழி முடிந்து தை பிறந்துவிடும். அவனுக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்தது.

*

முதலில் போனது கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய உணவகம். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. சுவரெல்லாம் கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் ஹமூர் மீன்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பதினான்கு பேரும் அவரவர் வீட்டாரும் உட்காரவே மூன்று மேஜைகளை இழுத்துப் போட வேண்டியதாயிற்று. சர்வர் சுஐபு மலையாளி. பரிமாறிய மீனைத் தொடுவதற்கு முன்னால் கௌரிசங்கர் அவனைக் கூப்பிட்டார்.

"இந்த ஹமூருக்கு ஹீட் நம்பர் எங்கே?"

ஆலைக்கு வரும் ஒவ்வொரு இரும்புத் துண்டுக்கும், எந்த உலையில் எந்த நாள் உருக்கியது என்று ஓர் எண் உண்டு. ஸ்டோரில் இருப்பதால் சோலையப்பனுக்கு அது தெரியும். சுஐபுக்குத் தெரிய நியாயமில்லை.

"ஹீட்டொக்கே அடுப்பில உண்டு சாரே. வேணுமெங்கில் கொறைக்காம்."

"எந்தப் படகு, எந்த வலை, எத்தனை மணிக்குப் பிடிச்சது, பிடிச்சவர் கையெழுத்து. ஒண்ணுமே இல்லையா?"

சுஐபு தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். மீன்களும் அவனைப் பார்த்தன. "அதுங்ககிட்டதான் கேக்கணும் சாரே" என்றான்.

ஆவணம்: பூஜ்யம் என்று எழுதச் சொன்னார் கௌரிசங்கர். சோலையப்பன் எழுதினான். அதற்குள் ஹமூர் தீர்ந்து இன்னொரு ஹமூர் வந்திருந்தது.

முள் விஷயம்தான் அவனை உலுக்கி எடுத்தது. முள்ளுக்கு மதிப்பெண் போட வேண்டுமானால் முள்ளை எண்ண வேண்டும். சாப்பிடுகிறவர்களுக்குக் கை ஒழிவில்லை. ஆகவே நடுநிலை உறுப்பினர் ஒவ்வொரு தட்டாக எடுத்து, முள்ளைப் பொறுக்கி, பத்துப் பத்தாக டிஷ்யூ பேப்பரில் அடுக்கி, நீளமானவை எத்தனை, குட்டையானவை எத்தனை என்று எழுதினான். மசாலா ஒட்டிய ஒவ்வொரு முள்ளும் அவன் மூக்குக்குக் கீழே போய் வந்தது. வஞ்சிரத்துக்கு முள் குறைவு, மரியாதை அதிகம். மத்தி வந்தால் அவன் கதி அதோகதி.

கேம்ப்புக்குத் திரும்பினால் அங்கே வைரவன். ஒரே அறை, மேல் கட்டில். அவனும் தேவகோட்டைப் பக்கம்தான். வெள்ளிக்கிழமையானால் எங்கிருந்தாவது நெத்திலி வாங்கி வந்து அறையிலேயே பொரிப்பான்.

"என்ன மாப்ள, இன்னைக்கு எத்தனை முள்ளு?"

"அறுநூத்திப் பதினாலு."

"அடப்பாவி! ஊர்ல உன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடப்போறாங்க. நீ இங்க மீன் முள்ளு நட்டுக்கிட்டு இருக்க. பாஸ்போர்ட்டு கம்பெனிகிட்ட, பர்மிட்டு கஃபீல்கிட்ட, முள்ளு உங்கிட்ட. நல்லாத்தான் பாகம் பிரிச்சிருக்கானுக."

சோலையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். நெத்திலி வாசனை சுவரில் மோதித் திரும்பி வந்தது.

*

மீன் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் ஏழே மேஜையோடு இருந்தது தொண்டி மெஸ். நடத்தியவர் மீரா சாகிப். அறுபது வயது, காதில் பென்சில், தோளில் துண்டு. பட்டியலில் அது பதினோராவது இடம். மற்ற பத்து இடத்திலும் படிவத்தைப் பார்த்துப் பயந்தார்கள். மீரா சாகிப் மட்டும் படிவத்தை வாங்கி, நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அண்டக் கொடுத்தார்.

"உக்காருங்க, உக்காருங்க. எழுதறது அப்புறம். மீன் ஆறுனா அதோட ரூஹு, அதான் உசிரு, போயிரும்."

இடம் இல்லை. லாரி டிரைவர்களும் கட்டடத் தொழிலாளர்களும் தோளோடு தோள் உரசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவன் குழம்பு கேட்டுக் கத்தினான். மற்றவன் கத்தினவனை அதட்டினான். பேரவைக்காரர்களைப் பார்த்ததும் மீரா சாகிப் நாலு மேஜையைக் காலி செய்து கொடுத்தார். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு அங்கே பேச்சே இல்லை. கௌரிசங்கர்கூட எந்தப் படகு என்று கேட்கவில்லை. கண்ணில் நீர் வழிய மத்திக் குழம்பை வழித்துக்கொண்டிருந்தார். பானுமதி நாலு பார்சல் கட்டச் சொன்னார். வீட்டிலும் மாதிரி எடுக்க வேண்டியிருந்ததாம்.

அன்றைக்கு முள் ஆயிரத்து நூற்று நாற்பது.

மதிப்பெண்ணைக் கூட்டினார்கள். மீன் வாசனை, தெருமுனைவரை: பூஜ்யம். முள்: பூஜ்யம். சத்தம்: பூஜ்யம். காத்திருக்கும் கூட்டம்: பூஜ்யம். மொத்தம் முப்பத்தொன்று. கடைசி இடம்.

"சார், பதினாலு பேரும் விரலைச் சூப்பினாங்களே சார்" என்றான் சோலையப்பன்.

"அதான் சுவைக்கு முழு மார்க் மூணும் போட்டிருக்கே" என்றார் கௌரிசங்கர் ஏப்பத்துக்கு நடுவே. "உணர்ச்சிவசப்படக் கூடாது தம்பி. நம்பர்தான் பேசணும்."

கடைசி இடத்திலிருந்த கடையை நன்றாகத் திருத்த வேண்டும் என்பதற்காக, பேரவை மற்ற இடங்களுக்குப் போகும் வழியிலும் அங்கே அடிக்கடி எட்டிப் பார்த்தது. விதிப்படியான இரண்டாவது முறையில் அவர்களோடு சென்னையிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியார்களும் சேர்ந்துகொண்டார்கள். மீரா சாகிப் அப்போதும் பரிமாறினார். ஆனால் துண்டால் முகத்தை அடிக்கடி துடைத்தார்.

*

கார்த்திகை போயிற்று. விளையாட்டுப் போட்டிக்கு வந்த உலகம், மீனைப் பற்றி யாரையும் கேட்காமலே சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிற்று. மார்கழி பாதியில் சோலையப்பன் மறுபடி மேனேஜர் அறைக்குப் போனான். விஜயபாஸ்கர் கண்ணாடி மீனைத் தூக்கி, தாளை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார். பிறகு யோசித்தார்.

"நீ இப்ப போயிட்டா மூணாவது ரவுண்டுக்கு யார் முள் எண்ணுவா?"

"வேற யாராச்சும் சார்..."

"வேற யாருக்கு அந்த அனுபவம் இருக்கு?" பேனா மூடிக்கொண்டது. "உன் கல்யாணம் ஒரு குடும்ப விஷயம். இது சமுதாய விஷயம். தாமரையா பேரு? தாமரை புரிஞ்சுக்குவாங்க."

தாமரை புரிந்துகொள்ளவில்லை. டெலிபோன் கார்டைச் சுரண்டி எண்ணை அழுத்தி அவளிடம் அவன் விஷயத்தைச் சொன்னான்.

"ஸ்டோர்கீப்பர்னுதானே சொன்னாங்க. மீன் முள்ளு எண்ணுறவர்னு யாரும் சொல்லலையே" என்றாள்.

"அது சும்மா, வெள்ளிக்கிழமை மட்டுந்தான்."

"எப்ப வருவீங்க?"

"கமிட்டி முடியணும்."

"எங்க அப்பா ஐயர்கிட்ட என்ன சொல்றது? மாப்பிள்ளை மீனு தட்டோட உக்காந்திருக்காரு, முகூர்த்தத்தைத் தள்ளி வைங்கன்னா? இங்க பாருங்க. பத்திரிகை கொடுத்து முடிச்சாச்சு. உங்க பேரவையில தாலி கட்டறதுக்கு நடுநிலை உறுப்பினர் யாராச்சும் இருந்தா அனுப்பி விடுங்க."

கார்டில் நேரம் தீர்ந்து லைன் கட்டாயிற்று. அவள் கோபத்தில் சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் ஸ்டோரில் அரை அங்குல போல்ட் கேட்டவனுக்கு முக்கால் அங்குலம் எடுத்துக் கொடுத்தான்.

*

தை பிறந்தது. மூன்றாம் சுற்றில் கடைசியாகத் தொண்டி மெஸ். எல்லோரும் காலையில் பலகாரம் சாப்பிடாமல் வயிற்றை ஒழித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

கடை பூட்டியிருந்தது. கண்ணாடிக் கதவில் அரபியிலும் தமிழிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'கடை மூடப்பட்டது. ஊருக்குப் போகிறேன். அனைவருக்கும் ஸலாம். மீரா சாகிப், தொண்டி.'

பதினான்கு பேரும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பானுமதி கதவைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். சோலையப்பனுக்குச் சட்டென்று உடம்பு லேசாயிற்று. முடிந்தது. கடை இல்லாவிட்டால் சுற்று இல்லை. சுற்று இல்லாவிட்டால் கமிட்டி இல்லை.

"படிவத்தை எடு" என்றார் கௌரிசங்கர்.

"சார், கடையே இல்ல சார்."

"கடை இல்லைன்னு எழுத ஃபார்ம்ல கட்டம் இருக்கா?"

சோலையப்பன் பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினான். "இல்ல சார்."

"அப்ப இருக்கற கட்டத்தை நிரப்பு. மீன் வாசனை?"

சோலையப்பன் மூச்சை இழுத்துப் பார்த்தான். "வரல சார்."

"பதினஞ்சு. முள்?"

"...இல்ல சார்."

"பதினஞ்சு. காத்திருக்கும் கூட்டம்?"

"நாமதான் சார் நிக்கறோம்."

"நாம கூட்டம் இல்ல, குழு. பன்னிரண்டு. நாற்காலி?"

சோலையப்பன் கண்ணாடியில் கையை வைத்து எட்டிப் பார்த்தான். நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து அழகாக அடுக்கியிருந்தார் மீரா சாகிப். பத்து. தரை உலர்ந்திருந்தது. ஈ இல்லை. சத்தம் இல்லை. கதவில் கையெழுத்தோடு ஒட்டியிருந்த தாள் ஆவணமாயிற்று; அதற்கும் முழு மதிப்பெண். கூட்டிப் பார்த்தபோது தொண்ணூற்றேழு. கடற்கரைச் சாலைப் பெரிய உணவகத்துக்கு எழுபத்திரண்டுதான்.

கௌரிசங்கர் படிவத்தை வாங்கி எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார். "மூணே மாசத்துல முப்பத்தொண்ணுலேர்ந்து தொண்ணூத்தேழு. தொடர்ந்த கண்காணிப்பால வந்த முன்னேற்றம். இதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

பரிசளிப்பு விழா அடுத்த வெள்ளிக்கிழமை. கேடயம் ஒன்றரை அடி உயரம். மேலே பித்தளையில் ஒரு மீன், செதில் செதிலாக, முள் இல்லாமல். தலைவர் மேடையேறி முழங்கினார்: "இந்த உணவகத்துக்குள்ள போய்ப் பாருங்க, ஒரு ஈ கிடையாது! ஒரு சத்தம் கிடையாது! வந்தவங்க யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது! இப்படி ஒரு கடையை உருவாக்கினது யார்? மீரா சாகிப்னு நினைப்பீங்க. இல்லை. நம்ம பேரவை!"

கைதட்டல் அடங்கியது. தலைவர் கேடயத்தை ஏந்திக்கொண்டு நின்றார். யாரும் மேடைக்கு வரவில்லை. கேடயம் கனம். அவர் அதைக் கீழே இறக்கி வைத்ததும் மேடைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் கூடியது.

"பேசாம ஆபீஸ் ஷெல்ஃப்ல வச்சிடலாம்" என்றார் விஜயபாஸ்கர்.

கல்யாணத்துக்குப் பத்தே நாள். சோலையப்பனுக்கு உள்ளங்கால் அரிப்பு மண்டைக்கு ஏறியிருந்தது. மூன்று மாதமாக அவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு அவர்கள் பாஷையும் கொஞ்சம் படிந்திருந்தது. ஸ்டோரில் தினம் சொல்கிற ஒன்றைத்தான் அவன் சொன்னான்.

"சார், ஒரு பொருளை ஒருத்தர் பேருக்கு எழுதிட்டா அவர் வாங்கிக்கிட்டதா கையெழுத்து இருக்கணும் சார். இல்லன்னா ஃபைலை மூட முடியாது."

கௌரிசங்கர் வெல்டிங்கில் விரிசல் கண்டவர் போல் நிமிர்ந்தார். "ஃபைல் ஓப்பனா இருக்குமா?"

"இருக்கும் சார். அதுவுமில்லாம சுவைக்கான கட்டம் காலியா இருக்கு சார். மூணு மார்க்."

"மூணு மார்க் காலியா இருக்கா!" அவருக்கு வியர்த்துவிட்டது. "தலைவரே, ஆடிட்ல நாம செத்தோம். உடனே ஆள் அனுப்பணும். கையெழுத்தும் வாங்கணும், சுவையும் பார்க்கணும். விதி அப்படியே பின்பற்றப்படணும்."

"தொண்டி எங்கே இருக்கு?" என்றார் தலைவர்.

"எங்க ஊர்லேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம் சார்" என்றான் சோலையப்பன்.

மறுநாள் காலை பேனா திறந்தது; இந்தத் தடவை மூடாமல் எழுதிற்று. ஆனால் எழுதியது லீவுத் தாளில் அல்ல. 'பேரவைப் பணி நிமித்தம் பயணம்: ஐந்து நாள்.'

"சார், அந்த நாப்பது நாள் லீவு..."

"லீவு வேற, டியூட்டி வேற. ரெண்டையும் கலக்காதே" என்று சொல்லி, லீவுத் தாளைக் கண்ணாடி மீனுக்கு அடியிலேயே விட்டுவைத்தார்.

*

தை பதின்மூன்றாம் தேதி சோலையப்பன் கேடயத்தைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கினான். சுங்கத்தில், என்ன மீன் இது என்று கேட்டார்கள். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று கல்யாணப் பரிசு என்றான். பதினைந்தாம் தேதி முகூர்த்தத்தில் தாலி கட்டினான். தாமரை தலை குனிந்தபடியே, "எண்ணி மூணு முடிச்சுத்தானே? அனுபவஸ்தரு, தப்பாது" என்றாள். ஐயரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் மறுவீடு. காளையார்கோவிலில் சம்பிரதாயத்துக்கு வாயில் ஒரு கவளம் வாங்கிக்கொண்டு, புது மனைவியையும் கேடயத்தையும் கூட்டிக்கொண்டு தொண்டிக்குப் பஸ் ஏறினான். அடுத்த நாளைக்கு அடுத்த நாள் திரும்ப விமானம் ஏற வேண்டும். தாமரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

மீரா சாகிப் வீடு கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருந்தது. வாசலில் சோலையப்பனைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"மத்தவங்க எங்க?"

"யாரும் இல்ல பாய். நானும் என் வீட்டுக்காரியும்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று மூச்சு விட்டார். "வாங்க தம்பி. வாம்மா, உள்ள வா."

கேடயத்தைப் பார்த்தார். பாராட்டுத் தாளை வாசித்தார். தொண்ணூற்றேழு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"பதினெட்டு வருசம் அந்தக் கடையில நின்னேன் தம்பி. மூணு மாசம் உங்க ஆளுக வந்து தின்னாங்க. வரிசையில நின்ன டிரைவருக எல்லாம் இடமில்லன்னு வேற கடைக்குப் போயிட்டானுக. மூணாவது தடவையும் வர்றாங்கன்னு கேள்விப்பட்டேன். நேரா கஃபீல்கிட்டப் போனேன். விசயத்தைச் சொன்னேன். அந்த மனுசன், 'கலாஸ், முடிஞ்சது, போயிரு'ன்னு அன்னைக்கே பர்மிட்டு போட்டுக் கொடுத்தாரு. உங்க கமிட்டியால எனக்கு அந்த ஒரு நல்லது நடந்துச்சு."

சோலையப்பன் எழுந்து நின்றான். "மன்னிச்சுக்குங்க பாய்" என்றான்.

"நீங்க என்ன செஞ்சீங்க? நீங்கதான் ஒரு வாயி திங்காம முள்ளப் பொறுக்கிக்கிட்டு இருந்தீங்களே. எனக்கு அதப் பாத்துத்தான் வயிறு எரிஞ்சுச்சு. இன்னைக்கு வேண்டுதல் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சுருச்சு பாய்."

மீரா சாகிப் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

மத்திக் குழம்பு. நாலு மாதத்துக்குப் பிறகு முதல் கவளம் உள்ளே போனபோது சோலையப்பனுக்குக் காது அடைத்தது. முள்ளை எண்ணவில்லை. தாமரையும் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டாள். இலை ஓரத்தில் அவள் ஒதுக்கிய முள்ளைப் பார்த்து, "எத்தனைன்னு சொல்லட்டா?" என்றான். "அடி விழும்" என்றாள் அவள்.

கை கழுவிவிட்டுப் படிவத்தை எடுத்தான். கேடயத்துக்கு மீரா சாகிப் கையெழுத்துப் போட்டார். மிச்சம், சுவைக்கான கட்டம்.

"மூணு போடுங்க" என்றாள் தாமரை.

"ஐயய்யோ, வேணாம்மா!" என்று பதறினார் மீரா சாகிப். "நூத்துக்கு நூறுன்னா பாராட்டு விழான்னு பதினாலு பேரும் இங்கயே வந்து இறங்கிருவாங்க. பூஜ்யம் போடுங்க தம்பி. இல்ல, பூஜ்யம்னா திருத்தறதுக்குன்னு வருவாங்க, அதுவும் ஆபத்து. ஒண்ணுமே போடாதீங்களேன்."

மூன்றும் போடக் கூடாது; பூஜ்யமும் போடக் கூடாது; காலியாகவும் விடக் கூடாது. சோலையப்பன் பேனாவோடு உட்கார்ந்திருந்தான். விதிகள் அச்சிட்ட பக்கத்தைப் புரட்டினான். பதினோராவது விதியை ஒரு தடவை வாசித்தான். மறுபடி வாசித்தான். பிறகு அழகான கையெழுத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினான்:

'விதி 11-இன்படி முதல் மாதிரி இன்று எடுக்கப்பட்டது. ஒரு மாதிரியை மட்டும் நம்பி முடிவெடுக்கலாகாது என்பதால் மதிப்பெண் வழங்கப்படவில்லை. இரண்டாம், மூன்றாம் மாதிரிகள் பதினைந்து நாள் இடைவெளியில், இதே உறுப்பினரால், இதே இடத்தில் எடுக்கப்படும். அதன் பின் அறிக்கை எழுத ஏழு நாள்.'

விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து கூட்டினால் சரியாக நாற்பது நாள் வந்தது.

தாமரை அதை எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள். படித்து முடித்ததும், "இந்தக் கமிட்டி அவ்வளவு மோசமில்ல" என்றாள்.

"அப்ப பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி வருவீங்களா?" என்றார் மீரா சாகிப்.

"விதி அப்படி பாய்."

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேருதான்."

"அப்ப நண்டு வாங்கி வைக்கிறேன்."

அன்று சாயங்காலமே தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பூத்திலிருந்து பேக்ஸ் போயிற்று. இரண்டு நாள் சோலையப்பன் அந்த பூத்தையே சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள், அவன் திரும்பிப் போக வேண்டிய விமானத்துக்கு நாலு மணி நேரம் இருக்கும்போது, பதில் வந்தது. கௌரிசங்கரும் விஜயபாஸ்கரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

'விதியை இவ்வளவு துல்லியமாகப் பின்பற்றும் தங்கள் பண்பைப் பேரவை மனதாரப் பாராட்டுகிறது. கால நீட்டிப்பு அனுமதிக்கப்படுகிறது. எக்காரணம் கொண்டும் அவசரப்பட வேண்டாம். தாங்கள் ஏற்கெனவே கொடுத்திருந்த நாற்பது நாள் லீவு விண்ணப்பம், கமிட்டிப் பணி இன்னும் முடியாத காரணத்தால், பரிசீலனையில் உள்ளது. பின்குறிப்பு: மூன்றாம் மாதிரியில் ஒரு பகுதியைக் கருவாடாகத் திரும்பும்போது கொண்டுவரவும். பதினான்கு குடும்பங்களுக்குப் போதுமான அளவு.'